கேள்வி கேட்டால் ஒரு வாளி தண்ணீர்: ஈஜிபுராவிலிருந்து ஒரு சேற்றுப் பயணம்

முதலில் ஒரு மன்னிப்பு. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் மலை ஏறியிருப்பார்கள், கடல் கடந்திருப்பார்கள். நான் போனது ஈஜிபுராவிலிருந்து அத்திபெலே வரைக்கும்தான். அங்கிருந்து இன்னும் ஆறு கிலோமீட்டர். பெங்களூருவில் எத்தனையோ பேர் தினமும் வேலைக்கே இதைவிட அதிகத் தூரம் போய் வருகிறார்கள். நான் மருத்துவர் இல்லை, ஆசிரியை இல்லை, அம்மாவும் இல்லை. ஒரு குழந்தையின் சித்தி, அவ்வளவுதான். ஆனால் கிளம்புவதற்கு முன்பு இரண்டு வாரம் இணையத்தில் தேடினேன். எந்த பஸ், மாற்றுத் துணி எத்தனை, கழிப்பறை இருக்கிறதா, குழந்தை அழுதால் யாராவது முறைப்பார்களா என்று தமிழில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அல்லது என் கண்ணில் படவில்லை. அடுத்து தேடுகிறவர்களுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூர்ணி என் அக்காவின் மகள். ஐந்து வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. ஓடும் தண்ணீரை அலுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். குக்கர் விசில் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே காதைப் பொத்திக்கொள்வாள். அது அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று எங்களில் யாருக்கும் புரிந்ததில்லை. இன்னும் பேச்சு வரவில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் வாயால் கேட்க மாட்டாள். நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் மேல் வைப்பாள். திறந்துவிடு என்று அர்த்தம்.

கலா அக்கா கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவள். பூர்ணிக்காக அதை விட்டுவிட்டு இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மாமா டைல்ஸ் ஒட்டுகிறார். நான் அவர்கள் வீட்டில் தங்கி ஒரு கூரியர் அலுவலகத்தில் பில் போடுகிறேன். திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், பி.காம். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்த விஷயத்தில் அந்த பி.காமுக்கு ஒரு பங்கு உண்டு.

போன வருடம் பூர்ணியின் பாலர் பள்ளியில் அக்காவையும் மாமாவையும் கூப்பிட்டு, வீட்டில் குழந்தையிடம் ஒரே மொழியில் பேசுங்கள் என்று சொன்னார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் பூர்ணியிடம் ஆங்கிலம்தான் என்று ஆனது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது எனக்கு மட்டும். அதனால் பேசும் வேலை என்னுடையது. அலுவலகம் விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, "வாட் ஈஸ் திஸ்?", "சே ஆப்பிள்" என்று ஆரம்பிப்பேன்.

இதில் அக்காவுக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். கலா அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். தீர்ந்துபோன கேஸ் சிலிண்டரைத் திட்டுவாள். நூல் கோக்க முடியாவிட்டால் ஊசியோடு பஞ்சாயத்து வைப்பாள். அப்படிப்பட்டவள், தான் தமிழில் பேசினால் குழந்தைக்குக் குழப்பமாகிவிடும் என்று பயந்து, எட்டு மாதமாகச் சொந்த மகளிடம் நான்கே சொற்களில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்: கம், ஈட், சிட், நோ. தலைக்குக் குளிப்பாட்டுவதும் சத்தமில்லாமல், தலை வாருவதும் சத்தமில்லாமல். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

இந்த நேரத்தில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்று சாப்பிடும்போது மாமா, "அப்ப பூர்ணிகிட்ட யாரு பேசுவா?" என்று கேட்டார். பிறகு அவரே, "தெனமும் வீடியோ கால்ல வந்து இங்கிலீஷ் பேசிடும்மா" என்றார். அக்கா ரசம் ஊற்றினாள். நான் போவதற்குள் அக்காவும் பூர்ணியும் சேர்ந்து போய்வரக்கூடிய ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் இந்தத் தோப்பு தெரியவந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மண்ணிலும் தண்ணீரிலும் மரத்தடியிலும் விளையாட்டு மூலமாகவே சிகிச்சை. கூட வரும் பெரியவர்களும் விளையாட வேண்டும், சும்மா உட்கார்ந்து பார்க்க முடியாது. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை குடும்பங்களுக்கான நாள். போன் செய்து பெயர் கொடுத்தேன். அக்கா, "ஒரு தடவ போய்ப் பாக்கறேன். அவ்ளோதான்" என்று நிபந்தனை போட்டாள்.

மே மாத இரண்டாவது சனிக்கிழமை. முந்தைய நாள் நல்ல மழை. காலை ஆறே முக்காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். ஈஜிபுராவிலிருந்து சில்க் போர்டுக்கு ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், எண்பது ரூபாய். அந்த நேரத்தில் போனால் பேரம் பேசாமலே இந்த விலை. எட்டரைக்கு மேல் போனால் விலையை அவர்கள்தான் சொல்வார்கள். சில்க் போர்டில் அத்திபெலே பலகை போட்ட சாதாரண பஸ் ஏழு இருபத்தைந்துக்கு வந்தது. ஏசி பஸ் வேண்டாம். ஜன்னல் திறக்காது, பூர்ணிக்குக் காற்று வேண்டும்.

கர்நாடக முகவரியில் ஆதார் இருந்தால் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லை. அக்காவின் ஆதாரில் ஈஜிபுரா. என்னுடையதில் இன்னும் திருப்பத்தூர். கண்டக்டர் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"அக்கா தங்கியா?" என்றார். தங்கி என்றால் கன்னடத்தில் தங்கை.

"ஆமாண்ணா" என்றாள் அக்கா.

"அக்கா ஃப்ரீ. தங்கி துட்டு!"

பக்கத்து இருக்கைகளில் சிரித்தார்கள். நான் முப்பத்திரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். பூர்ணிக்கு டிக்கெட் இல்லை.

இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இடப்பக்கம் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். வலப்பக்கம் எதிரில் வரும் லாரி ஹார்ன் எல்லாம் காதுக்குள் வந்துவிடும். பூர்ணி ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தோடு சேர்ந்து "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் பாடிக்கொண்டே வந்தாள். பஸ் வேகம் எடுத்தால் அவளும் ஏற்றுவாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன் இருக்கைப் பெண்மணி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். உடனே அக்கா வாயில் விரலை வைத்து, "நோ பூர்ணி, நோ" என்று கிசுகிசுத்தாள். பொம்மசந்திரா நோ, சந்தாபுரா நோ என்று நிறுத்தத்துக்கு ஒரு நோவாக அத்திபெலே வந்து சேர்ந்தோம்.

அத்திபெலேயில் இறங்கினால் பாதித் தமிழ்நாடு வந்துவிட்ட மாதிரிதான். கொஞ்ச தூரத்தில் ஓசூர். டீக்கடையில் ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஓட்டல்களில் சாப்பிட்டுவிட்டுக் கழிப்பறையையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பூர்ணி வெள்ளை நிறச் சாப்பாடு மட்டும்தான் சாப்பிடுவாள் என்பதால் மூன்று இட்லி வாங்கினோம். சட்னியைத் தனித் தட்டில் கேட்டு வாங்குவது முக்கியம். இட்லியில் ஒரு பச்சைப் புள்ளி பட்டாலும் அந்த இட்லி எனக்குத்தான். அன்று எனக்கு இரண்டு கிடைத்தது.

தோப்புக்கு ஆனேக்கல் சாலையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். ஆட்டோ நூற்று ஐம்பது ரூபாய். ஓட்டியவர் பெயர் முனிராஜு. இடத்தின் பெயரைச் சொன்னால் தெரியவில்லை. குழந்தைகள் மண்ணில் விளையாடும் இடம் என்றதும் தெரிந்துவிட்டது.

"ஓ, மண்ணு ஸ்கூலா? அப்பிடி சொல்லும்மா. அங்க துட்டு குடுத்தா மண்ணுல ஆடறதுக்கு?"

"ஆமாண்ணா."

"என் மகன் துட்டு குடுக்காமலே ஆடறான். அதுக்கு நானு ஒதெ குடுக்கறேன்." கண்ணாடியில் பூர்ணியைப் பார்த்தார். அவள் மீட்டருக்குப் பக்கத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் எலுமிச்சையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "ஆடும்மா, ஆடு. அது ஒன்னும் ஆகாது" என்றார். இறங்கும்போது தன் நம்பரையும் கொடுத்தார். திரும்பி வரும்போது அந்தச் சாலையில் ஆட்டோ கிடைக்காது, எனவே நீங்களும் போகும்போதே ஆட்டோக்காரரிடம் பேசி வைத்துவிடுங்கள்.

ஒன்பது பத்துக்கு வாசலில் நின்றோம். கொய்யாவும் சப்போட்டாவுமாக ஒரு தோப்பு, நடுவில் ஒரு வாய்க்கால், ஓரத்தில் தகரக் கூரை போட்ட கூடம். மரத்தில் கோணி மூட்டையில் ஊஞ்சல் தொங்கியது. வாய்க்கால் பக்கத்தில் ஒரு பெரிய சேற்றுக் குழி. இவ்வளவுதான். நான் வண்ணச் சுவரும் பொம்மைகளும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இந்த இடத்தை நடத்தும் ஸ்டெல்லா மேடம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்குக் குழந்தைகளைப் பயிற்றுவிப்பவர். அவரிடம் சொல்ல பஸ்ஸிலேயே ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். வாசலில் ஒப்பித்தேன். "குட் மார்னிங் மேம், வீ ஹேவ் ரெஜிஸ்டர்டு ஃபார் த ஃபேமிலி செஷன்..."

"வாங்கம்மா, வாங்க வாங்க. பஸ்ல எடம் கெடச்சிதா?" என்றார் அவர். பெங்களூருவில் தமிழர்கள் நிறைய இருக்கும் லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவராம். என் வாக்கியத்தின் மீதிப் பாதி அப்படியே வீணாகிவிட்டது.

அன்று எங்களோடு ஐந்து குடும்பங்கள். எங்களுக்கு அருகில் இருந்தவர் அருண் சார், ஐடி கம்பெனியில் வேலை, மதுரைக்காரர். தன் ஆறு வயது மகனோடு வந்திருந்தார். ஷூவைக் கழற்றிவிட்டார், சாக்ஸைக் கழற்ற மனமில்லாமல் நின்றார்.

ஸ்டெல்லா மேடம் விதிகளைச் சொன்னார். செருப்பு கிடையாது. போன் கிடையாது. குழந்தை எங்கே போகிறதோ அங்கே பெரியவர்கள் போக வேண்டும், குழந்தையை இழுக்கக் கூடாது. கடைசி விதிதான் முக்கியம். "ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி கேக்கக் கூடாது, ஆர்டர் போடக் கூடாது. அவங்க என்ன பண்றாங்களோ, நீங்க என்ன பாக்கறீங்களோ, அத மட்டும் பேசுங்க. கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி. கேள்வி கேட்டா தொட்டியிலேர்ந்து ஒரு வாளி தண்ணி தூக்கிட்டு வந்து சேத்துல ஊத்தணும்."

ரொம்ப சுலபம் என்று நினைத்தேன். பூர்ணி நேராகச் சேற்றுக்குப் போய் இரண்டு கையையும் உள்ளே விட்டாள். நான் குனிந்து, "பூர்ணி, வாட் ஈஸ் திஸ்?" என்றேன்.

"ஒரு வாளி" என்றார் ஸ்டெல்லா மேடம்.

ஊற்றிவிட்டு வந்தேன். "பூர்ணி, சே மட்."

"அது ஆர்டர்மா. ரெண்டாவது."

அருண் சார் நிலைமை இன்னும் மோசம். "வாட் கலர்?", "ஹவ் மெனி லீவ்ஸ்?" என்று அவரால் நிறுத்தவே முடியவில்லை. போகும்போது ஒரு கேள்வி, வரும்போது ஒரு கேள்வி. சாக்ஸ் எப்போதோ கழன்றுவிட்டது. "இன்னிக்கி மோட்டார் போட வேணாம், அருண் சார் வந்துட்டாரு" என்று ஸ்டெல்லா மேடம் சத்தமாகச் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த வாளியைத் தூக்கினார்.

நான்காவது வாளிக்குப் பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. கேள்வியையும் கட்டளையையும் எடுத்துவிட்டால் என்னிடம் பூர்ணியோடு பேச ஆங்கிலமே இல்லை. எட்டு மாதமாக அவளிடம் நான் பேசியதெல்லாம் தேர்வு நடத்துவது மாதிரிதான். சரி, கமென்ட்ரி சொல்லலாம் என்று, "யூ ஆர்... யூ ஆர்..." என்று ஆரம்பித்தேன். அவள் சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதற்கு ஆங்கிலத்தில் என்ன? தெரியவில்லை. அடுத்து வழித்தாள், அப்பினாள், உதறினாள். ஒன்றுக்கும் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. பட்டம் வாங்கியவள் வாயடைத்து நின்றேன். பூர்ணிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, அவள் பிசைந்துகொண்டுதான் இருந்தாள்.

அக்கா அப்போதும் கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியிருந்தாள், ஆனால் கையில் பிடித்திருந்தாள். தோளில் பை. வாய் இறுக்கமாக மூடியிருந்தது.

பூர்ணி குழியிலிருந்து எழுந்து வாய்க்கால் பக்கம் நடந்தாள். நான் வாளியோடு தொட்டிப் பக்கம் இருந்தேன். அக்கா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். குழியின் ஓரத்தில் கால் வைத்தாள். அப்படியே சறுக்கி, சேலையோடு சேற்றுக்குள் உட்கார்ந்தாள்.

"ஐயையோ! வழுக்குதுடீ! வழுக்குது, வழுக்குது! உங்கம்மா வுழுந்துட்டாடீ! பொடவ போச்சு, எல்லாம் போச்சு, எவன்டா இங்க சோப்பு போட்டு வெச்சது!"

எட்டு மாதமாக அடைத்து வைத்திருந்தது மொத்தமாக வெளியே வந்தது. பூர்ணி நின்றாள். திரும்பினாள். அவள் சிரிப்பு முதலில் தோளில்தான் வரும். இரண்டு தோளும் குலுங்கும், பிறகுதான் சத்தம். தோள் குலுங்கியது. சத்தமும் வந்தது.

அக்கா சட்டென்று சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். "தமிழ்ல பேசிட்டேன்டி" என்றாள். எதையோ கை தவறி உடைத்துவிட்ட மாதிரி.

பூர்ணி திரும்பி வந்தாள். அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு அக்காவின் மோவாயைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாள். வீட்டில் குழாயைத் திறக்கச் சொல்வது மாதிரியேதான். எனக்கு அது உடனே புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை, கண் மட்டும் கலங்கியது.

ஸ்டெல்லா மேடம் வந்து சேற்றிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார். "கேக்கறா இல்ல? சொல்லுங்க."

"தமிழ்ல பேசக் கூடாது மேடம். கொழப்பமாயிடும்."

"யாரு சொன்னா?"

"ஸ்கூல்ல. ஒரே மொழில பேசுங்கன்னாங்க."

"சரி. எந்த மொழின்னு சொன்னாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவுக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் அப்படி யாரும் சொல்லவேயில்லை. ஒரே மொழி என்றுதான் சொன்னார்கள். அது ஆங்கிலம் என்று முடிவு செய்தது எங்கள் வீடு. வேறு வீட்டில் அது கன்னடமாகவோ உருதுவாகவோ இருந்திருக்கும். எங்களைப் போல முதல் தடவை ஒரு பட்டத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் வீட்டில்தான், ஒரே மொழி என்றதும் வேறு எதுவும் தோன்றாமல் ஆங்கிலம் வந்து நிற்கும். எங்களுக்கு அதில் சந்தேகம்கூட வரவில்லை.

"மொதல்ல ஒரே மொழின்னு கட்டுப்பாடே வேணாம்" என்றார் ஸ்டெல்லா மேடம். "ரெண்டு மொழி கேட்டா புள்ளைங்க ஒன்னும் கெட்டுப்போகாது. பேசாம இருந்தாதான் கஷ்டம். நீங்க எந்த மொழில சண்ட போடுவீங்களோ அந்த மொழில பேசுங்க."

"சண்டையா? நல்லா போடுவேன் மேடம்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதான் கேட்டுச்சே. ஆனேக்கல் வரைக்கும் கேட்டிருக்கும்."

பூர்ணி மறுபடி மோவாயை ஆட்டினாள். இந்தத் தடவை அக்கா குரல் மெதுவாக வந்தது. "வழுக்குதுடீ தங்கம். வழுக்குது." தோள் குலுங்கியது. அப்புறம் அக்காவை யாராலும் நிறுத்த முடியவில்லை. "என் ராசாத்தி சேத்த எடுக்கறா. உருட்டறா. அழகா உருட்டறா. தோ, அம்மா கையில வெக்கறா. ஐய, சில்லுன்னு இருக்கு. இது என்ன, களி உருண்டையா?"

"கேள்வி!" என்றேன் நான். எனக்குப் பழிவாங்க ஒரு வாய்ப்பு.

"கேள்வி இல்லடி, சந்தேகம்" என்றாள் அக்கா.

"சந்தேகத்துக்கு அரை வாளி" என்று தீர்ப்புச் சொன்னார் ஸ்டெல்லா மேடம். அக்காவின் அரை வாளியை நான்தான் தூக்கினேன்.

அருண் சார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு காலி வாளியோடு நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மகன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "டேய் மாப்ள, பெரிய ஆளுடா நீ. என்னமா பெசையிற!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் தண்ணீர் தூக்கவில்லை. மோட்டார் போட வேண்டியதாயிற்று.

எல்லாம் இனிமையாகவே முடிந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும் நேரம் வந்ததற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் துண்டைக் காட்டுவார்கள். மணி அடித்தால் சில குழந்தைகளுக்குப் பிடிக்காது என்பதால் இந்த ஏற்பாடு. பூர்ணிக்குத் துண்டும் பிடிக்கவில்லை. படுத்துக்கொண்டு அழுதாள், கையை நீட்டியவர்களை உதைத்தாள். யாரும் முறைக்கவில்லை, யாரும் சமாதானமும் சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "கோவம் வந்துடுச்சி எம் பொண்ணுக்கு. வராதா பின்ன" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடத்தில் பூர்ணியே எழுந்து வாய்க்காலுக்குக் கால் கழுவப் போனாள்.

கிளம்பும் முன்பு ஸ்டெல்லா மேடத்திடம் என் கவலையைச் சொன்னேன். நான் சென்னைக்குப் போகிறேன், பூர்ணிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்க தாராளமா போங்கம்மா. வந்து போங்க, வெளையாடுங்க. அவகிட்டப் பேச அம்மா இருக்காங்களே" என்றார். பெரிய நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் எழுதுகிறேன். ஒரே நாளில் எதுவும் மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். மாதம் ஒரு தடவை வந்தால் போதும், மற்ற நாளில் வீட்டு மாடியில் ஒரு டப்பில் மண் போட்டு அம்மாவும் பெண்ணும் பத்து நிமிடம் உட்காருங்கள் என்றார்.

முனிராஜு சொன்ன நேரத்துக்கு வந்தார். மூன்று பேரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். துணி மாற்றியிருந்தோம், ஆனால் அக்காவின் தலைமுடியில் சேறு காய்ந்திருந்தது. "கொழந்தைய ஆடவிட்டுட்டு நீங்க உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சேன். ஆடனது நீங்களாம்மா?" என்றார்.

அத்திபெலேயில் ஒன்றேகாலுக்கு பஸ். இந்தத் தடவையும் இடப்பக்க ஜன்னல் கிடைத்தது. கண்டக்டர் வேறு ஆள், ஆனால் சட்டம் அதே: அக்கா ஃப்ரீ, தங்கி துட்டு.

அக்கா பேசிக்கொண்டே வந்தாள். "தோ பாரு லாரி. லாரி நெறைய தக்காளி. ஓசூர் தக்காளிடி அது, நம்ம ஊட்டுக்கு வர்றதுக்குள்ள வெல ஏறிடும். தோ போறான் பாரு பைக்ல, ஹெல்மெட்ட கையில மாட்டிக்கினு போறான், முழங்கையில மூள இருக்குது போல." பூர்ணி அவள் பாட்டுக்கு "ம்ம்ம்" என்று சுருதி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சுருதியும் ஒரு கச்சேரியுமாக பஸ் போய்க்கொண்டிருந்தது. முன் இருக்கையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் கூச்ச சுபாவம் உள்ளவள். பொது இடத்தில் யாராவது திரும்பிப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். "மெதுவா பேசுக்கா" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். நான் வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்களில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சந்தாபுராவுக்கு முன்னால் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சரிந்தோம். ஜன்னல் பக்கத்திலிருந்து, நிதானமாக, தெளிவாக ஒரு குரல் வந்தது.

"வயுக்குது."

அக்கா ஒரு நொடி பேச்சை நிறுத்தினாள். அந்த பஸ் பயணத்தில் அவள் நிறுத்தியது அந்த ஒரு நொடிதான். "ஆமாண்டி" என்றாள். "பஸ்ஸே வழுக்குதுடி" என்றாள். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. திரும்பிப் பார்த்தவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு பூர்ணி கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சொல்லை இதுவரை நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை தோசை தட்டிலிருந்து நழுவியபோது. ஆனால் குளியலறையில் இப்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்பதில்லை. அன்று மாலை மாமா வேலையிலிருந்து வந்ததும் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையில் ஒட்டிய சிமென்டைச் சுரண்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். கடைசியில், "அப்ப நானும் பேசலாமா?" என்றார். அவரும் எட்டு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவேயில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கட்டணம் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து நானூறு ரூபாய். முடியாதவர்கள் தயங்காமல் சொன்னால் குறைத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு மூன்று செட் துணி, உங்களுக்கு இரண்டு. புடவை வேண்டாம், அக்காவின் அனுபவத்தில் சொல்கிறேன். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. சாப்பாடு கிடையாது, எடுத்துப் போங்கள். மழைக்கு மறுநாள் சேறு நன்றாக இருக்கும், ஆனால் கொசு உண்டு. காதுக்குச் சத்தம் ஆகாத குழந்தை என்றால் ஏழரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள். முதல் நாள் குழந்தை எதையும் தொடாமல் மரத்தடியிலேயே நின்றாலும் சரி, அன்று வந்திருந்த ஒரு சிறுமி அப்படித்தான் நின்றாள், அவளுடைய அப்பாவும் கூடவே நின்றார், அதுவும் விளையாட்டுதான் என்றார்கள்.

இனி, ஆரம்பத்திலிருந்தே கேட்க நினைத்துத் தயங்கியது. ஜூனிலிருந்து நான் சென்னையில் இருப்பேன். ஒரு தடவைதான் என்று சொன்ன அக்கா, ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் பூர்ணியை அழைத்துக்கொண்டு தனியாகப் போகப் போகிறாள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஓசூர் சாலையில் அந்த நேரத்து பஸ்ஸில் இருக்கலாம். இடப்பக்க ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை இன்ஜினோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் அதன் அம்மா லாரியையும் தக்காளியையும் பற்றிச் சத்தமாக, நிறுத்தாமல், தமிழில் பேசிக்கொண்டு வருவாள். நீங்கள் திரும்பிப் பார்க்கலாம். சிரிக்கலாம். "கொஞ்சம் மெதுவா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவள் உடனே நிறுத்திவிடுவாள்.